முறை வைத்துக் கொடுத்த மருந்து

என் மனைவி என்னை மரியாதையாக நடத்த ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு ஏதோ கோளாறு என்று எனக்கு உறைத்தது.

சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மரியாதையெல்லாம் விருந்தாளிக்கு மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சண்டை போட்டுத்தான் குடித்தனம் நடத்தினோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு அந்த மூக்கையே அறுக்கிற வாய். குழம்பில் உப்பு கூட என்று நான் தட்டைத் தள்ளினால், "நாளையிலருந்து நீங்களே பொங்கித் தின்னுங்க. ஒங்களக் கட்டுனதுக்கு ரெண்டு எருமைய மேய்ச்சிருந்தா பாலாவது கெடைச்சிருக்கும்" என்பாள். நான் பதிலுக்கு அவள் பிறந்த வீட்டை இழுப்பேன். கோம்பையில் எங்கள் தெருக்காரர்களுக்கு டிவி வாங்கும்வரை நாங்கள்தான் பொழுதுபோக்கு. கொஞ்ச நேரம் கழித்து அவளே காப்பி கொண்டுவந்து எனக்கு முன்னால் டொக்கென்று வைப்பாள். பேச மாட்டாள். அந்த டொக் சத்தத்துக்குச் சமாதானம் என்று பொருள். நான் எடுத்துக் குடித்துவிடுவேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். ஒரு நாள் மதியம் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவைத் திறந்தவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, வாங்க. அவுக தோட்டத்துக்குப் போயிருக்காக. இப்ப வந்துருவாக. உக்காருங்க" என்றாள். நான் திகைத்து நின்றதைப் பார்த்துவிட்டு, "நாய் ஒண்ணும் செய்யாது. பயப்படாம உள்ள வாங்க" என்றாள்.

அந்த நாயைக் குட்டியிலிருந்து சோறு போட்டு வளர்த்தவன் நான். அது என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்னடி, வெயில்ல மூளை உருகிப்போச்சா?" என்றேன். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. முன்பின் தெரியாத ஆம்பளை வீட்டுக்குள் வந்து 'டீ' போட்டுப் பேசினால் ஒரு பெண்ணுக்கு என்ன முகம் வருமோ, அந்த முகம். இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். வெளியே போய் வாசலில் நின்றுகொண்டேன். சற்று நேரத்தில் அவளே வந்து, "எப்ப வந்தீக? ஏன் வெளிய நிக்கிறீக, சோறு ஆறுது" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்கு முன்பே அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறாள். அதையெல்லாம் வயசு, கவனக்குறைவு, சரியாகத் தூங்காதது என்று நான் ஒவ்வொரு காரணமாகச் சொல்லி ஒதுக்கிவிட்டேன். மனசுக்குப் பிடிக்காததைத் தள்ளிப்போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அந்த மரியாதை அடிக்கடி வர ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒரு தடவை வந்தது, வாரத்துக்கு ஒரு தடவை ஆனது, அப்புறம் தினமும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் விருந்தாளி. தட்டில் சோறு போட்டுவிட்டுத் தள்ளி நிற்பாள். உப்பே போடாத குழம்பை ஊற்றினாலும் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே, "என்ன குழம்பு இது, மாட்டுக்கு வைக்கவா?" என்று கத்திப் பார்த்தேன். பழைய ஆளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "மன்னிச்சுக்கங்க, அவுக வர்றதுக்குள்ள வேற செஞ்சு தாரேன்" என்றாள். நான் அந்தச் சோற்றைப் பிசைந்து பிசைந்து தின்றுவிட்டு எழுந்தேன். எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டாம், அவள் வாயால் ஒரே ஒரு தடவை நல்ல திட்டு வாங்கினால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

இதில் ராவுத்தர் எங்கே வந்தார் என்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு, ஒரே மோட்டார். எனக்குத் திராட்சைப் பந்தலும் கொஞ்சம் தென்னையும், அவருக்கு வாழை. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவர் முறை. என் முறையில் கரண்டு போய்விட்டால் அவர் முறையில் பாதி எனக்கு. அவர் முறையில் மோட்டார் எரிந்துபோனால் என் முறையில் பாதி அவருக்கு. எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து இப்படித்தான். வரப்புக்காகச் சண்டை போட்டிருக்கிறோம், தேங்காய் அவர் பக்கம் விழுந்ததற்குச் சண்டை போட்டிருக்கிறோம். தண்ணீர் முறையில் மட்டும் ஒருவரை ஒருவர் ஏமாற்றியது கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் என் முறையன்று வந்து ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, தன் வாழைக்கு மடையைத் திருப்பினார். "இன்னைக்கு எம் முறை" என்றார். மறுபடியும் ஒரு நாள் அதேபோல. அதற்கடுத்த தடவை நான் அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். "யோவ் ராவுத்தரே, இந்த வயசுல தண்ணி திருட வந்துட்டீரா?" என்று கத்தினேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். அவர் மனைவி வாழைக்குள்ளிருந்து ஓடிவந்து கும்பிட்டது. "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அவுகளுக்கு நாளு கெழமை தெரியமாட்டேங்குது. நான்தான் வெளிய தெரியாம மூடி மறைச்சு வச்சிருக்கேன்."

நான் துண்டை விட்டுவிட்டேன். கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எங்க வீட்டுலயும் அதே கதைதான், தங்கச்சி" என்றேன். வெளி ஆளிடம் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் மகளிடம்கூட போனில் "அம்மா தூங்குறா" என்றே சொல்லி வந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? வல்லாரை என்றார்கள். வரப்பெல்லாம் தேடி வல்லாரை பறித்துத் துவையல் அரைத்து, கூட்டு வைத்து, சாறு பிழிந்து கொடுத்தேன். கடைசியில் அந்தப் பச்சையைக் கண்டாலே அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். வயசானால் வருவதுதான், இதற்குப் போய் டாக்டரா என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னான். அவனோடு கைகலப்புவரை போய்விட்டது. அப்புறம்தான் ராவுத்தர் வீட்டுத் தங்கச்சியும் நானும் பேசி, நாலு பேருமாக விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று வழியெல்லாம் ராவுத்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இது நம்ம வாழையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் மனைவி பக்கத்திலிருந்த எனக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்து, "நீங்க எதுவரைக்கும் போறீக?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், என் மகள் வயது. பொறுமைசாலி. மூன்று பொருள்களின் பேரைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். என் மனைவி வட்டம் போட்டுவிட்டு எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து எழுதினாள். பிறகு என்னைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்து நல்லபடியாகச் சிரித்தாள். "தெரிஞ்சவுகதான். பஸ்ஸுல சீட்டுப் பிடிச்சுக் குடுத்தாக" என்றாள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஏதோ எழுதினார்.

இருவருக்கும் அல்சைமர் என்றார்கள். தினமும் போட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். "இது குணமாக்குமா?" என்றேன். "இல்லைங்கய்யா" என்றார் டாக்டர். மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு சரக்கு குறைந்துகொண்டே வருகிறதாம். இருக்கிற கொஞ்சத்தை இந்த மாத்திரை சீக்கிரம் கரையவிடாமல் பார்த்துக்கொள்ளுமாம். அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. "குமுளி மலையிலருந்து வண்டி இறங்குறப்ப பிரேக்கை லேசா அமுத்துவீங்கல்ல, அந்த மாதிரி. வண்டி நிக்காது. கொஞ்சம் மெதுவா இறங்கும்" என்றார். எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. அந்த மாத்திரை அவளுக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது, சோறு இறங்கவில்லை, தூக்கத்தில் கண்டபடி கனவு வந்து உளறினாள். அளவைக் குறைத்துப் பிறகு மெல்லக் கூட்டினார்கள். உடம்பு பழகிக்கொண்டது. பால் பொங்குவதை அவள் திரும்பக் கவனித்த நாட்கள் சில உண்டு. ஆனால் எனக்கு வேண்டிய திட்டு மட்டும் வரவில்லை.

சில மாதம் கழித்து டாக்டர் என்னையும் தங்கச்சியையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். புதிதாக ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், பல ஊர்களில் நடக்கிறது, விருப்பப்பட்டால் சேரலாம் என்றார். பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம், அதோடு இந்தக் கேப்ஸ்யூலும். "மூளைச் செல்லு சாகாம இது காப்பாத்தும்னு நினைக்கிறாங்க. நினைக்கிறாங்க, அவ்வளவுதான். நிச்சயம் கிடையாது" என்றார். பிறகுதான் குண்டைப் போட்டார். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கேப்ஸ்யூல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பாட்டிலில் ஒரு நம்பர் மட்டும்.

"எங்களுக்கு எது?" என்றேன்.

"எனக்கே தெரியாதுங்கய்யா."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"முடியுற வரைக்கும் இங்க யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாங்களே ஆசைப்பட்டு, நல்லாயிருச்சுன்னு எழுதிருவோம்."

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. நான் என்ன கேனையா, வெறும் கேப்ஸ்யூல் கூட்டை என் பெண்டாட்டிக்கு ஊட்டி வேடிக்கை பார்க்க? எழுந்துவிட்டேன். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தது. "அண்ணே, சும்மா இருந்தா ஒண்ணுமே இல்ல. இதுலயாச்சும் ஒரு வாய்ப்பு இருக்குல்ல" என்றது. அவர்கள் வாசித்துச் சொன்னதையெல்லாம் கேட்டோம். எப்போது வேண்டாம் என்றாலும் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் தங்கச்சி மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே வந்தது. "அண்ணே, இந்த ரெண்டுல எது தண்ணி, எது வெறுங் கொழாயின்னு தெரியலையே" என்றது. எனக்கும் அதே ஓட்டம்தான். இரண்டு வீடு, இரண்டு பாட்டில். ஒன்று நிஜம், ஒன்று பொய் என்று எங்கள் மனசு தானாகவே பங்கு பிரித்துவிட்டது. இரண்டும் நிஜமாக இருக்கலாம், இரண்டும் பொய்யாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பங்குக் கிணற்றில் இறைத்தவர்களுக்கு வேறு கணக்கு எப்படி வரும்?

"முறை வச்சுக்குவம்" என்றேன்.

தங்கச்சிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பாட்டில் அவரவருடையது, அடுத்த பாட்டில் மாற்றி. யார் வீட்டுக்கு வெறும் கூடு வந்தாலும் பாதிக் காலம்தான் வெறும் கூடு. பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டோம். என் மனைவி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்து, "அண்ணனும் தங்கச்சியும் என்ன அன்னியோன்னியம்" என்று ராவுத்தரிடம் சொன்னாள்.

முதல் பாட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை. மதுரைக்குப் போனோம், அவர்கள் மிச்சத்தை வாங்கிக்கொண்டு புதிதாகக் கொடுத்தார்கள். ஊர் வந்து இறங்கியதும் முறைப்படி மாற்றிக்கொண்டோம். ராவுத்தர் பாட்டில் என் வீட்டில், என் பாட்டில் அவர் வீட்டில்.

மழைக்காலம். திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்தேன். காலைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பே இல்லை. அவள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"கண்ணு பொடதியிலயா இருக்கு? இப்பத்தான தொடச்சுவிட்டேன்! சேத்துக் காலோட திங்கு திங்குன்னு உள்ள வாரீகளே, மனுசனா நீங்க? போங்க வெளிய! காலக் கழுவாம இந்த வாசப்படிய மிதிச்சீக, அம்புட்டுத்தான்!"

நான் வெளியே ஓடினேன். குழாயடியில் காலைக் கழுவினேன். கழுவிக்கொண்டே அழுதேன், சிரித்தேன், நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. சுத்தமான காலோடு உள்ளே போனேன். அவள் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, உக்காருங்க. அவுக இப்ப வந்துருவாக" என்றாள்.

இருந்தாலும் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. ராவுத்தர் பாட்டில்தான் நிஜ மருந்து. நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மதுரைப் பயணம் வந்தது, புதுப் பாட்டில் வந்தது. இந்தத் தடவை முறைப்படி அவரவருடையது அவரவருக்கு. என் பாட்டிலை வீட்டில் வைத்துப் பார்த்தேன். கையில் எடுக்கவே மனம் வரவில்லை. மறுநாள் அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். முறை இல்லாத நாளில் தண்ணீர் கேட்கப் போகிறவன் மாதிரி கூனிக் குறுகித்தான் போனேன்.

தங்கச்சி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது. முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, நானும் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றது. அதற்குள் அழுகை வந்துவிட்டது. "ஒங்க பாட்டில எனக்கே குடுத்துருங்கண்ணே. முறை இல்லைன்னு தெரியும். கேக்க எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. ஒங்க பாட்டிலப் போட்டப்பத்தான் அவுக ஒரு நா எம் மொகத்தப் பாத்து, 'நீ சாப்ட்டியா?'ன்னு கேட்டாக."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"என்னண்ணே அவ்வளவுதானாங்கிறீக! நிக்காஹ் ஆன நாள்லருந்து அவுக என்னைய அப்பிடிக் கேட்டதே இல்ல. நல்லா இருந்த காலத்துலயே கேக்காத மனுசன்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடியிலிருந்து என் பாட்டிலை எடுத்து நீட்டினேன். நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னேன். சேற்றுக் கால் கதையைக் கேட்டதும் அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. இரண்டு பேருக்கும் அடுத்தவர் பாட்டில்தான் நிஜம். அது எப்படி முடியும் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது. அன்றிலிருந்து முறையை ஒழித்துவிட்டு எப்போதும் மாற்றியே கொடுத்தோம்.

அவள் மறுபடி திட்டவில்லை. நாளுக்கு நாள் பேச்சே குறைந்தது. அவளைக் குளிப்பாட்ட, தலை சீவிப் பின்ன நான் கற்றுக்கொண்டேன். முதலில் போட்ட பின்னல் கயிறு திரித்த மாதிரி இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க, ஒங்களுக்குச் செரமம்" என்றாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் கேப்ஸ்யூலை ஒரு நாள்கூட விடவில்லை. நிஜ மருந்து உள்ளே போகிறது, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் மதுரையிலிருந்து போன் வந்தது. சோதனையை நிறுத்திவிட்டார்கள், மிச்சத்தோடு வாருங்கள் என்றார்கள். போனோம். அந்த டாக்டருக்கே முகத்தில் களையில்லை. "ஐயா, எல்லா ஊர்லயும் சேர்த்துப் பார்த்துட்டாங்க. மருந்து சாப்பிட்டவங்களுக்கும் வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்டவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மருந்து வேலை செய்யலை" என்றார்.

"அதெப்படிம்மா வேலை செய்யலைங்கிறீங்க? ராவுத்தர் பாட்டிலப் போட்டப்ப எம் பொஞ்சாதி என்னைய வஞ்சாளே, வாய் நெறையத் திட்டுனாளே!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யார் பாட்டிலை?"

எல்லாவற்றையும் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவு பொறுமையான பெண்ணுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! ஒருத்தருக்கு அது ஒத்துக்காம ஏதாவது ஆகியிருந்தா, யார் என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாம நாங்க எங்க போய் நிப்போம்?"

"ஏம்மா, நாங்க ஒரே கெணத்துல தண்ணி எறைக்கிறவுக. ஒருத்தருக்குத் தண்ணி, ஒருத்தருக்கு வெறுங் கொழாயின்னா அது எந்த ஊரு நியாயம்?"

"உங்க ஊர் நியாயம் தண்ணிக்குச் சரிங்கய்யா. இங்க குழாயில வர்றது தண்ணிதானான்னே யாருக்கும் தெரியாதே. அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனையும்" என்றார். குரல் தணிந்திருந்தது. நடந்ததை மேலே சொல்லியாக வேண்டும் என்றார். எங்கள் இரண்டு வீட்டுக் கணக்கையும் சேர்க்க மாட்டார்களாம். இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்து, கெடுதல் ஒன்றுமில்லை என்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று பின்னால் தெரியவரும், சொல்லவா என்று கேட்டார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அது வேண்டாம் என்று தலையாட்டியது. பழைய மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னார்கள். ராவுத்தர் கிளம்பும்போது டாக்டரிடம், "தண்ணி முறை யாருக்கு?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும்தாங்கய்யா" என்றார் அந்தப் பெண்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏமாந்துபோன ஆத்திரம் எனக்கு. யார்மேல் என்று தெரியவில்லை. டாக்டர்மேல் இல்லை. இல்லாத மருந்தை நம்பி இத்தனை நாள் காத்திருந்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது. உசிலம்பட்டி தாண்டியதும் தங்கச்சி பின்சீட்டிலிருந்து குனிந்து என் காதோரம் சொன்னது.

"அண்ணே, அப்பன்னா அன்னைக்கு ஒங்கள வஞ்சது மருந்து இல்லண்ணே. அண்ணியாத்தான் வஞ்சிருக்காக. இவுகளும் அவுகளாத்தான் சாப்ட்டியான்னு கேட்டிருக்காக."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதிருப்பேன். தேனி வரும்வரை என் தோளில் கிடந்த தலையைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் என் முறை. வாழைக்குப் போகும் மடையை அடைத்துவிட்டு என் பாத்திக்குத் தண்ணீர் திருப்பினேன். சேற்றில் இறங்கி வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் நின்று யோசித்தேன். கழுவவில்லை. அப்படியே திங்கு திங்கென்று உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் நின்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். நான் திட்டுக்குக் காத்து நின்றேன்.

"பரவாயில்லங்க, நான் தொடச்சுக்கிறேன்" என்றாள். பிறகு அவளே லேசாகச் சிரித்து, "அவுகளும் இப்பிடித்தான். எம்புட்டு வஞ்சாலும் கேக்க மாட்டாக. சேத்துக் காலோடதான் வருவாக" என்றாள்.

"யாரு?"

"எங்க வீட்டுல ஆளு."

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது. "ரொம்ப மோசமான ஆளு போல இருக்கு" என்றேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "யாரப் பாத்து என்ன சொல்றீக? வீட்டுக்கு வந்த ஆளாச்சேன்னு பாக்குறேன். அவுகளுக்குக் கோவந்தான் கூட. மத்தபடி தங்கமான மனுசன். அவுகளப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனீக, நாய அவுத்து விட்டுருவேன், ஆமா! எந்திரிச்சுப் போங்க வெளிய!"

உட்காராதவனை எழுந்து போகச் சொன்னாள். நாய் என் காலடியில் படுத்து அந்தச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்று, அவள் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டேன்.

"தப்புத்தான்மா. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தணிந்துபோய், பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினாள். "சரி, சரி. உக்காருங்க. இப்ப வந்துருவாக" என்றாள்.

உட்கார்ந்தேன்.